பகுப்பின் எல்லை: பரமாணுவும் இன்றைய அணுவும்

ஒரு நெல்மணியை இரண்டாகப் பிளக்கலாம். பிளந்த பாதியை மீண்டும் பிளக்கலாம். கருவியும் கண்ணும் துணை நிற்கும் வரையில் இவ்வேலை தொடரும். அவை ஓய்ந்த பின்னரும் கருத்தினால் பிளந்துகொண்டே செல்லலாம். இப்பகுப்பு எங்கேனும் ஒரு முடிவை அடையுமா, முடிவின்றி நீளுமா? எளிய வினாவாகத் தோன்றும் இது பாரத நாட்டுத் தத்துவ நெறிகள் பலவும் நெடுங்காலம் வாதிட்ட வினாவாகும்.

தசலட்சணப் பருவத்தில் நாளுக்கு ஓர் அத்தியாயமாக ஓதப்பெறும் தத்துவார்த்த சூத்திரத்தின் ஐந்தாம் அத்தியாயம் அசீவ தத்துவத்தை விளக்குவது. புற்கலமாகிய சடப்பொருள் அணு, ஸ்கந்தம் என இருவகைப்படும் என்றும், பகுப்பின் முடிவில் எஞ்சுவதே அணு என்றும் உமாஸ்வாமி ஆசாரியர் அங்கே வகுக்கிறார். அதனைக் கேட்டு வளரும் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் அணுவுக்குள் எலக்ட்ரான், புரோட்டான், நியூட்ரான் உண்டு என்று படிக்கின்றனர். பகுக்க இயலாதது என்று சொல்லப்பட்ட அணு பிளக்கப்பட்டுவிட்டதே என்னும் ஐயம் அவர்கள் உள்ளத்தில் எழுவது இயல்பே. மறுபுறம், இன்றைய அணு விஞ்ஞானம் முழுவதையும் நம் ஆசாரியர்கள் அன்றே கூறிவிட்டனர் என்னும் பெருமித உரையும் மேடைகளில் கேட்கிறது. ஐயம், பெருமிதம் ஆகிய இரண்டுக்கும் வேர் ஒன்றே. அணு என்னும் ஒரே சொல் இருவேறு பொருள்களைச் சுமந்து நிற்கிறது. அவ்விரு பொருள்களின் வரலாற்றைத் தனித்தனியே அறிந்தால் ஐயமும் நீங்கும்; பெருமிதமும் தனக்குரிய இடத்தில் நிற்கும்.

மூன்று நெறிகள், மூன்று விடைகள்

பகுப்புக்கு முடிவு உண்டு என்று வாதிட்டவருள் வைசேடிகர் முன்னிற்பவர். பகுப்பு முடிவற்றதாயின் கடுகும் மேருமலையும் சமமாகிவிடும் என்பது அவர்தம் தருக்கம். இரண்டிலும் எண்ணற்ற கூறுகள் இருக்குமாயின் ஒன்று சிறிது, மற்றொன்று பெரிது என்று சொல்ல என்ன அடிப்படை உள்ளது? ஆகவே எங்கோ ஓரிடத்தில் பகுப்பு நின்றேயாக வேண்டும் என்றனர். பரமாணு இரண்டு கூடித் துவியணுகம். துவியணுகம் மூன்று கூடித் திரியணுகம். சாளரத்தின் வழியே பாயும் கதிரொளியில் மிதக்கும் துகளே அத்திரியணுகம் என்பது அவர் கணக்கு. மண், நீர், தீ, காற்று என்னும் நான்குக்கும் தனித்தனி அணுக்கள் உண்டு என்பதும் அவர் கொள்கை.

ஆசீவகர் கொள்கையைத் தமிழிலேயே காணலாம். மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில் ஆசீவகர் அணுக்கொள்கை விரிவாக உரைக்கப்படுகிறது. அணு அழிவதில்லை, புதிதாகத் தோன்றுவதுமில்லை, ஒன்று இரண்டாகப் பிளவுபடாது, நீரணு நிலவணுவாக மாறாது. தனியணுவைத் தெய்வக் கண் உடையோரே காண்பர். மற்றையோர் திரட்சியை மட்டுமே காண்பர் என்பதற்கு அங்கே ஓர் அழகிய உவமை தரப்படுகிறது: மாலை மயக்கத்தில் ஒற்றை மயிர் கண்ணுக்குப் புலப்படாது, மயிர்கள் திரண்டிருந்தால் புலப்படும். அக்காதையிலேயே நிகண்டவாதியின் கூற்றில் பரமாணு, புற்கலம் என்னும் சொற்களும் இடம்பெறுகின்றன. இக்கலைச் சொற்கள் தமிழில் எத்துணைத் தொன்மையானவை என்பதற்கு இதுவே சான்று.

பௌத்தருள் வசுபந்து தமது விம்சதிகாவில் அணுவாதத்தின் அடித்தளத்தையே அசைத்தார். ஓர் அணுவை மேல், கீழ், நான்கு திசை என ஆறு பக்கங்களிலும் ஆறு அணுக்கள் தொடுவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் தொடும் இடம் வேறாயின் அவ்வணுவுக்கு ஆறு பகுதிகள் உண்டு. அது பகுக்க இயலாதது ஆகாது. எல்லாம் ஒரே இடத்தில் தொடுமாயின் ஏழு அணுக்களும் சேர்ந்து ஓரணு அளவே இருக்கும்; எத்தனை அணுக்கள் கூடினாலும் மலை உண்டாகாது. அணுவை ஒப்பும் எவரும் இவ்வினாவுக்கு விடை கூறாமல் கடக்க இயலாது.

சமண ஆசாரியர் கண்ட பரமாணு

குந்தகுந்த ஆசாரியர் பஞ்சாஸ்திகாயத்திலும் நியமசாரத்திலும் பரமாணுவின் இலக்கணத்தை வரையறுக்கிறார். ஸ்கந்தங்கள் அனைத்தின் இறுதிப் பகுப்பே பரமாணு. அதற்கு முதல், இடை, கடை என வேறு வேறு பகுதிகள் இல்லை. தானே முதல், தானே இடை, தானே கடை. அது என்றும் உள்ளது, ஒலியற்றது, ஒலிக்குக் காரணமாவது. ஐந்து நிறங்களுள் ஒன்று, ஐந்து சுவைகளுள் ஒன்று, இரு மணங்களுள் ஒன்று, ஊறுகளுள் இரண்டு என்னும் குணங்கள் அதில் உண்டு. புலன்களால் அதனைப் பற்ற இயலாது.

வைசேடிகரிடமிருந்தும் ஆசீவகரிடமிருந்தும் சமண நெறி பிரியும் இடம் ஒன்று இங்கே உள்ளது. மண்ணுக்கு ஓரணு, நீருக்கு வேறோர் அணு என்னும் பிரிவினை சமணத்தில் இல்லை. பரமாணுக்கள் யாவும் ஓரினமே. அவற்றின் நிறம், சுவை, மணம், ஊறு ஆகியன மாறிக்கொண்டே இருக்கும். ஒரே பரமாணு இன்று மண்ணின் கூறாகவும் நாளை நீரின் கூறாகவும் நிற்கக்கூடும். பொருள் நிலைத்திருக்க அதன் நிலைகள் மாறும் என்னும் திரவிய–பரியாயக் கொள்கை மிகச் சிறிய பொருளிலும் வழுவாமல் நிற்பதை இதில் காணலாம்.

வசுபந்துவின் ஆறு பக்க வினாவுக்கு இக்கொள்கையில் விடை உண்டு. பரமாணுக்கள் கூடுவது பக்கம் பக்கமாக ஒட்டி நிற்பதனால் மட்டும் அன்று. நெய்ப்பு, வறட்சி என்னும் குணங்களின் அளவு வேறுபாட்டினால் அவை பிணைகின்றன. மிகக் குறைந்த அளவு நெய்ப்போ வறட்சியோ உடையவை பிணைவதில்லை. இரண்டு அளவு கூடுதலாக உடையதோடு பிணைப்பு உண்டாகும் என்று தத்துவார்த்த சூத்திரம் விதி கூறுகிறது. மேலும், பல பரமாணுக்கள் ஒரே இடத்தில் நுண்ணிய நிலையில் அடங்கியிருக்கவும் முடியும். பருநிலையில் பரந்து விரியவும் முடியும். எனவே ஓரிடத்தில் கூடினால் வளர்ச்சியே இராது என்னும் இக்கட்டு இங்கே எழுவதில்லை.

பொருளுக்கு மட்டுமன்றி இடத்துக்கும் காலத்துக்கும் சமணம் எல்லை வகுத்தது. ஒரு பரமாணு நிற்கும் இடம் பிரதேசம். ஒரு பிரதேசத்திலிருந்து அடுத்த பிரதேசத்துக்குப் பரமாணு மெல்லச் செல்லும் நேரம் சமயம். மதத்தைக் குறிக்கும் சமயம் வேறு, காலத்தின் மிகச் சிறு கூறாகிய இச்சமயம் வேறு. பொருள், இடம், காலம் மூன்றும் ஒன்றையொன்று அளந்து காட்டும்படி இவ்வரையறை அமைந்துள்ளது.

இங்கே நுட்பமான தடை ஒன்று எழும். விரைந்து செல்லும் பரமாணு ஒரே சமயத்தில் உலகின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை செல்லும் என்றும் ஆகமம் கூறுகிறது. அவ்வாறாயின், அது கடந்த இடங்கள்தோறும் சமயத்தைப் பகுக்கலாமே? பிரவசனசாரத்துக்கு உரை வகுத்த அமிருதசந்திரர் இத்தடையை எடுத்துக்கொண்டு விடை கூறினார். ஒரு பிரதேசத்தில் எண்ணற்ற பரமாணுக்கள் அடங்குவதனால் பிரதேசம் துண்டுபடுவதில்லை. அடங்கும் தன்மையின் சிறப்பு அது. அதுபோலவே விரைந்த செலவினால் சமயம் துண்டுபடுவதில்லை. செல்லும் தன்மையின் சிறப்பு அது.

விளக்குகளும் கடுகும்

உலகாகாயத்தின் பிரதேசங்கள் அசங்கியாதம், அதாவது எண்ணிக்கைக்கு அடங்காதவை. பரமாணுக்களோ அனந்தம். குறைந்த தொகையுள்ள இடத்தில் மிகுந்த தொகையுள்ள பொருள் அடங்குவது எவ்வாறு? சர்வார்த்தசித்தி இயற்றிய பூஜ்யபாதர் இதற்கு விளக்கொளியைச் சான்றாக்கினார். ஓர் அறையில் ஒரு விளக்கின் ஒளி நிறைந்திருக்கும்போதே பல விளக்குகளின் ஒளியும் அங்கே இடம் பெறுகிறது. ஒன்று மற்றொன்றை வெளியேற்றுவதில்லை. இப்பூஜ்யபாதரின் மாணாக்கராகிய வச்சிரநந்தியே மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவினார் என்று தேவசேனரின் தரிசனசாரம் கூறுகிறது. ஆகவே இவ்வாராய்ச்சி மரபு தமிழ் மண்ணுக்கு அயலானது அன்று. பௌத்தரோடு வாதிட்ட அகளங்கரும் இச்சூத்திரத்துக்கு ராஜவார்த்திகம் என்னும் பேருரை கண்டவரே. கரந்தை, திருப்பணமூர்ப் பகுதியோடு அவரை இணைத்துப் போற்றும் மரபு இன்றும் வழங்குகிறது.

கடுகையும் மேருவையும் பற்றிய வைசேடிகர் தருக்கத்துக்கு வருவோம். சமணக் கணக்கில் கடுகிலும் அனந்தம் பரமாணுக்கள் உண்டு. மேருவிலும் அனந்தம் பரமாணுக்கள் உண்டு. எனினும் இரண்டும் சமமாவதில்லை. சமண நூல்களில் அனந்தம் ஒரே படியினது அன்று. பரீதானந்தம், யுக்தானந்தம், அனந்தானந்தம் என மூன்றாகி, ஒவ்வொன்றும் சிறியது, இடைப்பட்டது, பெரியது என மும்மூன்று படிகளாக விரிந்து ஒன்பது வகைப்படும். ஓர் அனந்தம் மற்றோர் அனந்தத்தினும் பெரிதாக இருக்கலாம் என்னும் கருத்து இதனுள் அடங்கியுள்ளது. மேலைநாட்டுக் கணிதத்தில் முடிவிலிகளுள்ளும் சிறியது, பெரியது உண்டு என்பதை ஜியார்ஜ் கேண்டர் 1874-இல் தம் முறையில் நிறுவினார். அவருடைய முறை வேறு. சமண நூல்களின் வகைப்பாட்டு முறை வேறு. ஆயினும் முடிவற்றவை யாவும் சமமே என்று சமணர் கொள்ளவில்லை என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

அளவை வாய்பாடுகள்

பரமாணு கருத்தளவில் நின்றுவிடாமல் அளவை வாய்பாட்டிலும் இடம்பெற்றது. யதிவிருஷபரின் திலோயபண்ணத்தி கூறும் வரிசை வருமாறு. அனந்தானந்தம் பரமாணுக்கள் கூடியது அவசன்னாசன்னம். அதிலிருந்து எட்டு எட்டாகப் பெருகி சன்னாசன்னம், துருட ரேணு, திரச ரேணு, ரத ரேணு ஆகியன அமையும். பின்னர் உத்தம, மத்திம, ஜகன்ய போகபூமி மாந்தரின் மயிர்நுனிகள், கர்மபூமி மாந்தரின் மயிர்நுனி, ஈர், பேன், யவம் என்று வளர்ந்து அங்குலத்தில் முடியும். எட்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் ஓர் அங்குலத்தில் அடங்கும் அவசன்னாசன்னங்களின் எண்ணிக்கை கிடைக்கும். அது 6,871 கோடியே 94 லட்சத்து 76 ஆயிரத்து 736.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை உரையில் நாடக அரங்கை அளக்கும் கோலின் அளவு கூறப்படுகிறது. அங்கே அணு எட்டு ஒரு தேர்த்துகள். தேர்த்துகள் எட்டு ஓர் இம்மி. இம்மி எட்டு ஓர் எள். எள் எட்டு ஒரு நெல். நெல் எட்டு ஒரு பெருவிரல். ரத ரேணு என்பதன் நேர் தமிழே தேர்த்துகள். இவ்வாய்பாட்டின்படி ஒரு பெருவிரலில் 32,768 அணுக்கள் அடங்கும். பெருவிரலை ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் எனக் கொண்டால், ஓர் அணு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 1,600-இல் ஒரு பங்காகும்.

இரு வாய்பாடுகளையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை தெளிவாகும். தச்சரும் அரங்கம் சமைப்போரும் கையாண்ட அணு, அளவைத் தொடங்குவதற்குரிய வழக்கு அணு. பரமாணு அதுவன்று. திலோயபண்ணத்தி பரமாணுவை எட்டுக்கொண்டு அளக்கவில்லை. அனந்தானந்தம் கூடிய பின்னரே எண்ணத் தொடங்குகிறது. பரமாணுவுக்கு இத்தனையில் ஒரு பங்கு என்று நீளம் கூற நூலாசிரியர் முற்படவில்லை. அனுயோகத்துவாரமும் நுண் பரமாணு வேறு, வழக்குப் பரமாணு வேறு என்று பிரித்துரைக்கிறது.

மேலைநாட்டு அணுவின் வரலாறு

கிரேக்க நாட்டில் டெமாக்கிரிட்டஸ் பகுக்க இயலாத துகள்கள் உண்டு என்றார். அரிஸ்டாட்டில் அதை மறுத்து, எந்தப் பொருளையும் மேலும் மேலும் பகுக்கலாம் என்றார். நெடுங்காலம் அரிஸ்டாட்டிலின் கருத்தே ஓங்கி நின்றது. 1808-இல் ஜான் டால்ட்டன் வெளியிட்ட வேதியியல் நூல் அணுவாதத்துக்குப் புத்துயிர் அளித்தது. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்த எடையுடைய அணு உண்டு என்றும், அது பகுக்க இயலாதது என்றும் அவர் கொண்டார். கிரேக்கர் வைத்த பகுபடாதது என்னும் பெயரையே அதற்கு இட்டார். அச்சொல்லுக்கு நிகராகவே நம் பாடநூல்கள் அணு என்னும் சொல்லை வழங்கின. குழப்பம் தொடங்கிய இடம் இதுவே.

அவ்வணு பகுபடாததாக நீடிக்கவில்லை. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். 1911-இல் ரூதர்போர்டு அணுவின் நடுவே மிகச் சிறிய கரு இருப்பதை நிறுவினார். 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். 1938-இன் இறுதியில் ஜெர்மனியில் ஹான், ஸ்ட்ராஸ்மன் இருவரும் செய்த சோதனை யுரேனியக் கரு பிளவுபடுவதைக் காட்டியது. 1964-இல் கெல்–மன், ஸ்வைக் இருவரும் புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே குவார்க்குகள் உண்டு என்று தனித்தனியே கருதினர். 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் நிகழ்ந்த சோதனைகள் அதற்குச் சான்றளித்தன.

இங்கே நெல்மணியைப் பிளக்கும் கணக்கு செல்லாமற்போகிறது. புரோட்டானிலிருந்து ஒரு குவார்க்கைப் பிரித்தெடுக்க முயன்றால் அம்முயற்சியில் செலவிடும் ஆற்றலே புதிய குவார்க் இணைகளாக மாறுகிறது. தனிக் குவார்க் கைக்கு வருவதில்லை. எலக்ட்ரானுக்கோ உட்கூறு எதுவும் இதுவரை காணப்படவில்லை. இவற்றுக்கும் கீழே வேறு கூறுகள் உண்டா என்பது இன்றும் திறந்த வினாவே. மாக்ஸ் பிளாங்க் 1899-இல் இயற்கையின் அடிப்படை மாறிலிகளைக் கொண்டு ஒரு நீள அளவைக் கணக்கிட்டார். ஒன்றுக்குப் பின் 35 சுழிகள் இட்ட எண்ணால் ஒரு மீட்டரை வகுத்தால் வருவதைப்போல் அது ஏறத்தாழ 1.6 மடங்கு. மிகச் சிறிய இடத்தை ஆராய மிகுந்த ஆற்றலை அங்கே குவிக்க வேண்டும். அந்நீளத்தை நெருங்கும்போது குவித்த ஆற்றலே கருந்துளையாகி ஆராயும் இடத்தை மறைத்துவிடும் என்று அறிஞர் கருதுகின்றனர். அளத்தலுக்கு அங்கே எல்லை வரக்கூடும். இடமே அங்குத் துகள்பட்டு நிற்கிறதா என்பதைச் சோதனை எதுவும் இன்னும் காட்டவில்லை.

ஒப்பும் வேற்றுமையும்

இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கே நோக்கினால் பிள்ளைகளின் ஐயத்துக்கு விடை கிடைக்கும். பிளக்கப்பட்டது டால்ட்டனின் அணு. சமண நூல்களின் சொல்லில் அது ஒரு ஸ்கந்தம். ஸ்கந்தம் பிளவுபடும் என்பதைத் தத்துவார்த்த சூத்திரமே கூறுகிறது. எந்தத் துகளுக்குள் உட்கூறு காணப்பட்டாலும் அத்துகள் ஸ்கந்தம் என்பதே அதனால் பெறப்படும். பகுப்பின் முடிவு என்று வரையறுக்கப்பட்ட பரமாணு அப்பிளவினால் பிளவுபட்டதாகாது.

அதே நேர்மையோடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பரமாணு புலனுக்கு எட்டாதது என்று ஆசாரியரே கூறியிருக்க, எலக்ட்ரானே பரமாணு, குவார்க்கே பரமாணு என்று அடையாளம் காட்டுவது நூல்வழிப்பட்டது ஆகாது. எலக்ட்ரானும் குவார்க்கும் வேறு வேறு இனத்தவை என்கிறது இயற்பியல்; பரமாணுக்கள் யாவும் ஓரினம் என்கிறது ஆகமம். அவசன்னாசன்னத்தின் அளவைக் கணக்கிட்டால் அது இன்றைய அணுவுக்கும் அதன் கருவுக்கும் இடைப்பட்ட அளவாக வருகிறது. இதுகொண்டு அறிவியலை முந்திவிட்டோம் என்று முழங்குவோர், நாளை வேறோர் எண் பொருந்தாதபோது ஆகமத்தையே ஐயத்துக்கு உள்ளாக்குவர். சோதனைச்சாலையின் சான்றிதழால் பரமாணுக் கொள்கை நிற்கவில்லை. வைசேடிகரும் பௌத்தரும் எழுப்பிய வினாக்களை எதிர்கொண்டு, தருக்கத்தால் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொண்டு நின்றது என்பதே அதன் பெருமை.

தமிழ்ச் சமணர் இவ்வாத மரபின் வாரிசுகள். ஆசீவகரோடும் வைசேடிகரோடும் வாதிடும் நீலகேசியைத் தந்தது தமிழ். அதனைச் சமயதிவாகர வாமன முனிவர் உரையோடு 1936-இல் பதிப்பித்தவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். அவரே குந்தகுந்தரின் பஞ்சாஸ்திகாயத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1920-இல் வெளியிட்டார். ரூதர்போர்டு புரோட்டானுக்குப் பெயர் சூட்டிய ஆண்டும் அதுவே. பொன்னூர்மலையில் திருவடி பதித்ததாகத் தமிழ்ச் சமணர் போற்றும் ஆசாரியரின் பரமாணு இலக்கணம், தமிழ்ச் சமண அறிஞர் ஒருவர் வழியாக, அணுக்கருவை உலகம் ஆராய்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் ஆங்கிலம் வல்லோர் கைக்குச் சென்றது.

இத்துணை நுட்பமாக ஆசாரியர் புற்கலத்தை ஆராய்ந்ததன் நோக்கம் யாது? நியமசாரம் ஸ்கந்தங்களை ஆறு வகைப்படுத்துகிறது. நிலமும் மலையும் போல்வன மிகப் பருமையானவை. நெய்யும் நீரும் பருமையானவை. நிழலும் வெயிலும் பருமையும் நுண்மையும் கலந்தவை. கண் ஒழிந்த ஏனைப் புலன்களால் உணரப்படுவன நுண்மை மிக்க பருமை உடையவை. அவற்றுக்கும் கீழே, எப்புலனுக்கும் எட்டாத நுண்ணிய ஸ்கந்தங்களாக வினைப் புற்கலங்கள் வைக்கப்பட்டுள்ளன; அவற்றினும் நுண்ணியவை ஆறாம் வகை. உயிரைப் பிணிக்கும் வினை சடப்பொருளே என்று கொண்டமையால், கண்ணுக்குத் தெரியும் மலையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வினை வரையில் ஒரே ஒழுங்கில் வைத்துக் காட்ட வேண்டிய கடமை ஆசாரியருக்கு இருந்தது. பரமாணு ஆராய்ச்சி அக்கடமையின் ஒரு பகுதி.

நீரை வடிகட்டிப் பருகுவதும் இரவுணவை நீக்குவதும் நம் இல்லங்களில் வழிவழியாக வரும் ஒழுக்கங்கள். சிறிது என்பதனால் ஓர் உயிரைப் பொருட்படுத்தாமல் விடலாகாது என்பது அவற்றின் பொருள். அவ்வாறே, புலனாகவில்லை என்பதனால் ஒரு வினையை இல்லை என்று தள்ளலாகாது என்பது பரமாணு உரைக்கும் பாடம். பிள்ளைகள் பள்ளியில் அணுவைப் பயிலட்டும். இல்லத்தில் பரமாணுவைப் பயிலட்டும். இரண்டையும் ஒன்றென மயங்காமல், ஒன்றால் மற்றொன்றை இகழாமல் கற்பிப்பது மூத்தோர் கடன்.

அருகன் அறம் ஓங்குக.